அலசல்: நிறுவனப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, பின்னால் ஆள் இருக்கிறாரா?

பிரிட்டனில் ஒரு நிறுவனத்தின் இயக்குநராகப் புதிதாகப் பொறுப்பேற்பவர், தாம் யார் என்பதை அரசிடம் நிரூபித்தாக வேண்டும் என்ற விதி 2025 நவம்பர் 18-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே இயக்குநர்களாக இருப்பவர்களுக்கும், நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் உரிமையாளர்களுக்கும் இதே விதி படிப்படியாகப் பொருந்தும். அதற்காக ஓராண்டு அவகாசம் அளிக்கப்பட்டது.

அப்படியென்றால் அதுவரை அடையாளச் சான்று கேட்கப்படவே இல்லையா என்ற கேள்வி எழுவது இயல்பு. கேட்கப்படவில்லை என்பதே பதில். உலகின் மிகப் பழமையான, மிகவும் வெளிப்படையான நிறுவனப் பதிவேடுகளில் ஒன்றாகக் கருதப்படும் பிரிட்டன் பதிவேடு, தன்னிடம் அளிக்கப்பட்ட பெயர் உண்மையா என்று பாராமலே தலைமுறை தலைமுறையாக அதைப் பதிந்து வந்தது.

இது பிரிட்டனுக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. "அரசிடம் பதிவு பெற்ற நிறுவனம்" என்ற விளம்பர வாசகத்தை நம்பிச் சேமிப்பைக் கொடுப்பவர், வெளிநாட்டு நிறுவனத்தின் பணி ஆணையை நம்பிப் பயணச்சீட்டு எடுப்பவர், முன்பின் அறியாத வாடிக்கையாளருக்குக் கடனில் சரக்கு அனுப்பும் சிறு ஏற்றுமதியாளர் என அனைவரும் ஏதோ ஒரு நாட்டின் நிறுவனப் பதிவேட்டையே சார்ந்து நிற்கின்றனர். அந்தப் பதிவேடு எதற்கு உத்தரவாதம் தருகிறது, எதற்குத் தருவதில்லை என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

சலுகைக்கு ஈடாக வெளிப்படைத்தன்மை

நிறுவனப் பதிவேடு என்ற ஏற்பாட்டின் பின்னணியில் ஒரு பேரம் உள்ளது. 1844-ஆம் ஆண்டு பிரிட்டன் நாடாளுமன்றம் இயற்றிய கூட்டுப் பங்கு நிறுவனங்கள் சட்டம், பதிவாளர் என்ற பதவியை உருவாக்கியது. போலி நிறுவனங்களின் பெயரில் பொதுமக்களிடம் பணம் திரட்டும் மோசடிகள் பெருகியிருந்த காலம் அது. பதிவு செய்துகொள், உன் விவரங்களை யாரும் பார்க்கும்படி வை என்பதே சட்டத்தின் கட்டளை.

அடுத்து 1855-இல் வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்ற சலுகை வந்தது. நிறுவனம் நொடித்துப் போனால், பங்குதாரர் தாம் போட்ட முதலை மட்டுமே இழப்பார். அவருடைய வீட்டையும் நிலத்தையும் கடன்காரர்கள் தொட முடியாது. இந்தப் பாதுகாப்பைப் பெறுபவர், தம் நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் வைப்பவர்கள் அறியத்தக்க விவரங்களை வெளியிட வேண்டும் என்பது அதற்கு ஈடான கடமை.

1896-இல் பிரிட்டனின் பிரபுக்கள் அவை அளித்த சாலமன் வழக்குத் தீர்ப்பு இந்தப் பாதுகாப்பை மேலும் உறுதிப்படுத்தியது. லண்டனில் காலணி தயாரித்த ஆரோன் சாலமன், தம் நிறுவனத்தின் 20,007 பங்குகளில் 20,001 பங்குகளைத் தாமே வைத்திருந்தார். ஆயினும் நிறுவனம் வேறு, சாலமன் வேறு என்று தீர்ப்பளிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் நிறுவனச் சட்டம் நிற்கும் அடித்தளம் இதுவே. முகமூடி அணிந்தவர்களுக்கு வசதியாக அமைந்ததும் இதே அடித்தளம்தான்.

இந்தியாவில் 1850-இல் நிறுவனப் பதிவுக்கான முதல் சட்டம் இயற்றப்பட்டது. அப்போது கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மாகாண உச்ச நீதிமன்றங்களிடமே பதிவுப் பொறுப்பு இருந்தது. பின்னர் இந்தியா பிரிட்டனைப் பின்பற்றிப் பதிவாளர் முறைக்கு மாறியது. ஜெர்மனி உள்ளிட்ட சில நாடுகளோ இன்றளவும் நீதிமன்ற முறையையே தொடர்கின்றன.

பிரிட்டன்: திறந்த கதவு, காவலர் இல்லை

பிரிட்டனின் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸில் 50 லட்சத்துக்கும் அதிகமான நிறுவனங்கள் பதிவாகியுள்ளன. 2015 ஜூன் முதல் அதன் தரவுகளை உலகின் எந்த மூலையிலிருந்தும் கட்டணமின்றிப் பார்க்கலாம். இயக்குநர்களின் பெயர்கள், ஆண்டுக் கணக்குகள், சொத்துகள் மீதான கடன் பிணைகள், கலைக்கப்பட்ட நிறுவனங்களின் வரலாறு என அனைத்தும் ஒரே தேடலில் கிடைக்கும். 2016 முதல், 25 சதவீதத்துக்கு மேல் பங்கோ வாக்குரிமையோ கொண்டவர்களின் விவரமும் சேர்க்கப்பட்டது.

இவ்வளவு வெளிப்படைத்தன்மையிலும் ஓர் ஓட்டை இருந்தது. படிவம் முறையாக நிரப்பப்பட்டிருந்தால் அதை ஏற்றுக்கொள்வதே பதிவாளரின் கடமை. நிரப்பப்பட்டது உண்மையா என்று விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு ஏறத்தாழ இல்லை. இணையவழியில் நிறுவனம் தொடங்க நீண்ட காலம் 12 பவுண்டு போதுமானதாக இருந்தது. 2024 மே மாதத்தில் அது 50 பவுண்டாக உயர்த்தப்பட்டது.

இந்த ஓட்டையை அம்பலப்படுத்த முயன்ற ஒரு தொழில்முனைவோரின் கதை பிரிட்டனில் பெரிதும் பேசப்பட்டது. அவர் 2013-இல் அன்றைய வணிகத்துறை அமைச்சர் வின்ஸ் கேபிளின் பெயரில், அவருக்குத் தெரியாமலே ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தார். பதிவேட்டை எவ்வளவு எளிதில் ஏமாற்றலாம் என்பதை அமைச்சருக்கே எடுத்துக்காட்டுவது அவருடைய நோக்கம். பின்னர் மற்றொரு நாடாளுமன்ற உறுப்பினரின் பெயரிலும் அவ்வாறே செய்தார். பொய்த் தகவல் அளித்ததற்காக 2018-இல் அவர் மீதே வழக்குத் தொடரப்பட்டது. அபராதமும் வழக்குச் செலவுமாக 12,000 பவுண்டுக்கு மேல் அவர் செலுத்த நேர்ந்தது. நிறுவனப் பதிவில் பொய் கூறியதற்காகத் தொடுக்கப்பட்ட இத்தகைய முதல் வழக்கு என்று அதை அரசே பெருமையுடன் அறிவித்தது.

குறையைச் சுட்டியவர் தண்டிக்கப்பட்டார். குறையைப் பயன்படுத்தியவர்கள் பல ஆண்டுகள் தப்பினர். டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கியின் எஸ்டோனியக் கிளை வழியாக 2007 முதல் 2015 வரை ஏறத்தாழ 20,000 கோடி யூரோ சந்தேகத்துக்கு இடமளிக்கும் வகையில் பாய்ந்தது. அந்தக் கணக்குகளுக்குப் பின்னால் பிரிட்டனில் பதிவான கூட்டாண்மை அமைப்புகள் பெருமளவில் இருந்தது விசாரணைகளில் தெரியவந்தது. லண்டன் முகவரி என்பது வங்கி அதிகாரியின் ஐயத்தைத் தணிக்கும் மரியாதைச் சின்னமாகப் பயன்பட்டது.

2022-இல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபின், பிரிட்டனில் புழங்கும் கறுப்புப் பணம் பற்றிய அரசியல் நெருக்கடி முற்றியது. 2023 அக்டோபரில் பொருளாதாரக் குற்றங்கள் மற்றும் நிறுவன வெளிப்படைத்தன்மைச் சட்டம் நிறைவேறியது. தகவல்களைக் கேள்விக்கு உட்படுத்தவும், நிராகரிக்கவும், நீக்கவும் 2024 மார்ச் முதல் பதிவாளர் அதிகாரம் பெற்றார். அடையாளச் சரிபார்ப்பு அதன் அடுத்த கட்டமே. பெறுபவராக மட்டும் இருந்த பதிவாளர் காவலராக மாறுகிறார் என்று இதனைச் சுருக்கமாகக் கூறலாம்.

ஜெர்மனி: நீதிபதியும் நோட்டரியும்

ஜெர்மனியின் வணிகப் பதிவேட்டை உள்ளூர் நீதிமன்றங்கள் பராமரிக்கின்றன. வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம் ஒன்றைத் தொடங்குபவர் நோட்டரியிடம் அடையாளத்தை நிரூபித்து, நிறுவன ஒப்பந்தத்தை அவர் முன்னிலையில் உறுதிசெய்ய வேண்டும். இந்தியாவில் நோட்டரி என்றதும் நீதிமன்ற வாயிலில் முத்திரை குத்துபவரே நம் நினைவுக்கு வருவார். ஜெர்மனியிலோ அவர் சட்டம் பயின்ற, அரசால் நியமிக்கப்படும் உயர்நிலை அலுவலர். அவர் அனுப்பும் ஆவணத்தை நீதிமன்றம் ஆராய்ந்த பின்னரே நிறுவனம் சட்டப்படி பிறக்கிறது.

இந்தக் கடுமைக்கு ஏற்ற பலனும் உண்டு. ஜெர்மன் வணிகச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு பதிவேட்டுக்குச் சட்டபூர்வ நம்பகத்தன்மையை அளிக்கிறது. நீக்கப்பட்ட மேலாளரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அகற்ற ஒரு நிறுவனம் தவறினால், அதை அறியாமல் அவரோடு ஒப்பந்தம் செய்த வெளியாள் பாதுகாக்கப்படுவார். பதிவேட்டில் உள்ள பிழையின் சுமை, நம்பியவர் மீது விழாமல் நிறுவனத்தின் மீதே விழுகிறது.

நிறுவனத்தை அடையாளம் காணும் முறையும் வேறுபட்டது. பதிவு எண்ணை ஒவ்வொரு நீதிமன்றமும் தனித்தனியே வழங்குவதால், ஒரே எண் மியூனிக்கில் ஒரு நிறுவனத்தையும் பெர்லினில் வேறொரு நிறுவனத்தையும் குறிக்கலாம். நீதிமன்றத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் அடையாளம் முழுமை பெறும். முன்பு ஒரு நகலுக்கு 4.50 யூரோ கட்டணம் இருந்தது. 2022 ஆகஸ்ட் 1 முதல் இணையவழிப் பார்வை முற்றிலும் இலவசமாயிற்று.

ஆயினும் கடுமையான பதிவேடு நேர்மையான வணிகத்துக்கு உத்தரவாதம் ஆகாது. மியூனிக் அருகே தலைமையிடம் கொண்ட வயர்கார்டு நிறுவனம், ஜெர்மனியின் முதன்மைப் பங்குச் சந்தைக் குறியீட்டில் இடம்பெற்றிருந்தது. அதன் கணக்கில் காட்டப்பட்ட 190 கோடி யூரோவைக் காணவில்லை என்பது தெரியவந்ததும் 2020 ஜூனில் அது நொடித்தது. பதிவேட்டில் அதன் பெயர், முகவரி, இயக்குநர்கள் அனைத்தும் முறையாகவே இருந்தன. வங்கியில் இருப்பதாகச் சொல்லப்பட்ட பணம் இருக்கிறதா என்று பார்ப்பது தணிக்கையாளரின் வேலை. நிறுவனம் சட்டப்படி உள்ளதா, அதன் சார்பில் கையொப்பமிட யாருக்கு அதிகாரம் என்ற கேள்விகளுக்கே பதிவேடு விடை தரும்.

அமெரிக்கா: ஒரே நாடு, பல பதிவேடுகள்

உலகின் மிகப்பெரிய பொருளாதாரமான அமெரிக்காவில் தேசிய நிறுவனப் பதிவேடு என்ற ஒன்றே இல்லை. நிறுவனங்களை மாநிலங்களே உருவாக்குகின்றன. நிறுவனம் எங்கே தொழில் நடத்துகிறதோ அங்கேதான் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே மாநிலங்களுக்கிடையே நிறுவனங்களைக் கவரும் போட்டி நடக்கிறது. அதில் நெடுங்காலமாக வென்று வருவது, பரப்பளவில் மிகச் சிறிய டெலவேர் மாநிலம்.

ஃபார்ச்சூன் 500 பட்டியலில் உள்ள பெருநிறுவனங்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவை டெலவேரில் பதிவானவை. வணிக வழக்குகளில் தேர்ந்த சான்சரி நீதிமன்றமும், நன்கு பழகிய நிறுவனச் சட்டமும் அதன் ஈர்ப்புக்கு நேர்மையான காரணங்கள். மற்றொரு காரணம் மௌனம். அங்கு எல்.எல்.சி. எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனத்தைத் தொடங்க நிறுவனத்தின் பெயரும், மாநிலத்துக்குள் கடிதம் பெறும் முகவரின் முகவரியும் போதும். உரிமையாளர் யார் என்று கேட்கப்படுவதில்லை. இவ்வகை நிறுவனங்கள் ஆண்டறிக்கையும் அளிக்க வேண்டியதில்லை. 300 டாலர் ஆண்டு வரி செலுத்தினால் போதும். வில்மிங்டன் நகரில் வடக்கு ஆரஞ்சு தெருவின் 1209-ஆம் எண் கட்டடம், 2012-இல் வெளியான செய்திகளின்படி 2.85 லட்சம் நிறுவனங்களின் சட்டபூர்வ முகவரியாக இருந்தது.

இந்த மௌனத்தைக் கலைக்க அமெரிக்க நாடாளுமன்றம் 2021 ஜனவரியில் நிறுவன வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை இயற்றியது. உண்மையான உரிமையாளர் யார் என்பதை நிதித்துறையின் குற்றத் தடுப்புப் பிரிவான ஃபின்செனிடம் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை 2024 ஜனவரி 1-இல் தொடங்கியது. சுமார் 3.26 கோடி நிறுவனங்கள் இதன் கீழ் வரும் என்று மதிப்பிடப்பட்டது. அந்தப் பட்டியல் பொதுமக்களுக்கு அன்றி, அதிகாரிகளுக்கும் வங்கிகளுக்கும் மட்டுமே உரியது.

அதுவும் நிலைக்கவில்லை. நீதிமன்ற வழக்குகளுக்கு இடையே ஆட்சி மாறியது. அமெரிக்காவில் உருவான நிறுவனங்கள் அனைத்துக்கும் இக்கடமையிலிருந்து விலக்கு அளிப்பதாக 2025 மார்ச்சில் ஃபின்சென் அறிவித்தது. வெளிநாட்டில் உருவாகி அமெரிக்காவில் பதிவு செய்துகொண்ட நிறுவனங்கள் மட்டுமே இப்போது எஞ்சியுள்ளன. சிறு தொழில்களின் சுமை குறைந்தது என்று அரசு கூறியது. சட்டத்தின் உயிரே பிரிந்தது என்று ஊழல் எதிர்ப்பு அமைப்புகள் சாடின.

ஆசியா: ஒற்றை எண், ஒரு பாடம்

சீனா 2015 அக்டோபர் முதல் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 18 இலக்கங்கள் கொண்ட ஒருங்கிணைந்த குறியீட்டை வழங்கி வருகிறது. முன்பு தொழிற்பதிவு, வரி, அமைப்புக் குறியீடு எனத் தனித்தனியாக இருந்த எண்கள் ஒன்றாயின. தேசிய அளவிலான இணையதளத்தில் எந்த நிறுவனத்தின் அடிப்படை விவரத்தையும் தேடலாம். விவரங்களை வெளியிடத் தவறிய நிறுவனங்களின் பெயர்கள் முறைகேடான செயல்பாடுகளின் பட்டியலில் சேர்க்கப்படுகின்றன.

சிங்கப்பூரின் பதிவு ஆணையமான அக்ரா, வேகத்துக்கும் ஒழுங்குக்கும் பெயர் பெற்றது. அங்கும் வெளிப்படைத்தன்மை எந்த எல்லையில் நிற்க வேண்டும் என்ற கேள்வி 2024 டிசம்பரில் வெடித்தது. புதுப்பிக்கப்பட்ட பிஸ்ஃபைல் தளம் டிசம்பர் 9-இல் அறிமுகமானபோது, பெயரைத் தேடினாலே ஒருவரின் முழு அடையாள அட்டை எண்ணும் கட்டணமின்றித் தெரிந்தது. பொதுமக்களின் எதிர்ப்பு வலுக்கவே, நான்கே நாட்களில் அந்தத் தேடல் வசதி நிறுத்தப்பட்டது. அமைச்சர்கள் மன்னிப்புக் கோரினர். இயக்குநர் யார் என்பதை அறிவது பொதுமக்களின் உரிமை. அவருடைய அடையாள எண்ணை அறிவது யாருக்குத் தேவை என்பதே அங்கு எழுந்த வினா.

ஐக்கிய அரபு அமீரகத்தின் நிலை வேறு. தமிழர்கள் பெருமளவில் பணிபுரியும் அந்நாட்டில், ஒவ்வோர் அமீரகத்தின் பொருளாதாரத் துறையும், தடையற்ற வணிக மண்டலங்களும் தனித்தனியே உரிமம் வழங்குகின்றன. துபாய் நிறுவனம் என்று ஒருவர் சொன்னால், எந்த அதிகார அமைப்பின் உரிமம் என்று கேட்ட பின்னரே அதைச் சரிபார்க்க முடியும்.

உண்மையான உரிமையாளர் யார்?

2016 ஏப்ரலில் வெளியான பனாமா ஆவணங்கள், ஒரே சட்ட நிறுவனம் உருவாக்கிக் கொடுத்த 2,14,000-க்கும் மேற்பட்ட வெளிநாட்டு அமைப்புகளின் விவரங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. அவற்றில் மிகப் பல பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பதிவானவை. அங்கும் பதிவேடு இருந்தது. ஆனால் உரிமையாளரின் பெயர் பொதுமக்களின் பார்வையில் இல்லை. அதன்பின் உலகளாவிய விவாதம், நிறுவனத்தின் பெயரிலிருந்து அதன் பயனை இறுதியில் அனுபவிக்கும் மனிதரை நோக்கி நகர்ந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் ஒரு படி முன்னே சென்றது. இறுதி உரிமையாளரின் விவரத்தை எந்தக் குடிமகனும் பார்க்கலாம் என்று விதித்தது. லக்சம்பர்க்கின் பதிவேட்டிலிருந்தே இதற்கு எதிரான வழக்குகள் எழுந்தன. அனைவருக்கும் திறந்துவிடுவது தனிப்பட்ட வாழ்க்கைக்கும் தரவுப் பாதுகாப்புக்கும் உள்ள அடிப்படை உரிமைகளில் அளவுக்கு மீறித் தலையிடுகிறது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022 நவம்பர் 22-இல் தீர்ப்பளித்தது. பல நாடுகள் தங்கள் பதிவேடுகளை உடனே மூடின. 2024-இல் வந்த புதிய நெறிமுறை, நியாயமான தேவை உள்ளவர்களுக்கு, குறிப்பாகச் செய்தியாளர்களுக்கும் குடிமைச் சமூக அமைப்புகளுக்கும், மீண்டும் வழிவிட்டது.

பண மோசடிக்கு எதிரான சர்வதேச அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப். தனது 24-ஆம் பரிந்துரையை 2022 மார்ச்சில் கடுமையாக்கியது. இறுதி உரிமையாளர் பற்றிய துல்லியமான, காலத்துக்கேற்பப் புதுப்பிக்கப்பட்ட தகவலை அரசு அமைப்பு ஒன்று பதிவேடாகவோ அதற்கு இணையான வேறு வழியிலோ வைத்திருக்க வேண்டும் என்கிறது அந்தப் பரிந்துரை. அதைப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை.

இந்தியா: நடுவழியில்

இந்தியாவில் 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ், மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் பதிவாளர்கள் இப்பணியைச் செய்கின்றனர். தமிழகத்துக்குச் சென்னையிலும் கோவையிலும் பதிவாளர் அலுவலகங்கள் உள்ளன. 2006-இல் தொடங்கிய எம்.சி.ஏ.21 திட்டம் காகிதக் கோப்புகளை மின்னணு முறைக்கு மாற்றியது. இதுவரை பதிவான நிறுவனங்கள் 25 லட்சத்தைத் தாண்டும். அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே இயங்குபவை.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 21 இலக்கங்கள் கொண்ட சி.ஐ.என். எண் வழங்கப்படுகிறது. படிக்கத் தெரிந்தால் அந்த எண்ணே பலவற்றைச் சொல்லிவிடும். முதல் எழுத்து 'எல்' என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. 'யு' என்றால் பட்டியலிடப்படாதது. அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழில் வகை. பின்வரும் இரண்டு எழுத்துகள் மாநிலம். தமிழ்நாடு என்றால் பெரும்பாலும் 'டி.என்.'. அதன்பின் பதிவான ஆண்டு, தனியார் நிறுவனமா பொது நிறுவனமா என்பதைக் காட்டும் மூன்று எழுத்துகள், இறுதியாக ஆறு இலக்கப் பதிவு எண். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளதாக விளம்பரம் செய்யும் நிறுவனத்தின் எண்ணில் 2021 என்று இருந்தால், உரிய விளக்கம் கேட்பதில் தவறில்லை.

சரிபார்ப்பில் இந்தியா, பழைய பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் இடையே நிற்கிறது. இயக்குநருக்கு அடையாள எண்ணும் மின்னணுக் கையொப்பமும் தேவை. சட்ட விதிகள் பின்பற்றப்பட்டுள்ளன என்று வழக்கறிஞரோ, பட்டயக் கணக்காளரோ, நிறுவனச் செயலரோ உறுதிமொழி அளிக்க வேண்டும். 2019-இல் நிறுவனங்கள் தங்கள் அலுவலகத்தின் புகைப்படத்தையும் அது அமைந்துள்ள புவியியல் குறியீட்டையும் பதிவேற்ற வேண்டியிருந்தது. நம் நாட்டுடன் நில எல்லையைப் பகிரும் நாடுகளின் குடிமக்கள் இயக்குநராவதற்கு, 2022 ஜூன் முதல் உள்துறை அமைச்சகத்தின் பாதுகாப்பு அனுமதியும் கட்டாயம்.

களையெடுப்பும் நடந்துள்ளது. தொடர்ந்து கணக்குகளைத் தாக்கல் செய்யாத சுமார் 2.26 லட்சம் நிறுவனங்கள் 2017-18 நிதியாண்டில் 248-ஆம் பிரிவின் கீழ் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றோடு தொடர்புடைய ஏறத்தாழ 3 லட்சம் இயக்குநர்கள் தகுதி இழந்தனர். எனினும் 'ஷெல் நிறுவனம்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் விளக்கமே இல்லை என்று அரசு நாடாளுமன்றத்தில் பலமுறை தெரிவித்துள்ளது. கணக்குத் தாக்கல் செய்யாத நிறுவனம் எளிதில் அகப்படுகிறது. ஒழுங்காகத் தாக்கல் செய்துகொண்டே பணத்தைச் சுழற்றும் நிறுவனத்தைப் பிடிப்பதுதான் கடினம்.

உரிமையாளர் விவரத்தில் இந்தியச் சட்டம் பிரிட்டனைவிடக் கண்டிப்பானது. அங்கு வரம்பு 25 சதவீதம். இங்கு 90-ஆம் பிரிவின் கீழ் 10 சதவீதம். ஆயினும் அந்தப் பதிவேட்டைப் பார்வையிடும் உரிமையை அப்பிரிவு நிறுவனத்தின் உறுப்பினர்களுக்கே அளிக்கிறது. பிரிட்டனில் ஒரு மாணவர் கைப்பேசியில் பார்க்கக்கூடியதை இங்கு எளிதில் காண இயலாது.

கட்டணமும் ஒரு தடையே. பெயர், நிலை, முகவரி, மூலதனம் போன்ற அடிப்படை விவரங்கள் இலவசம். ஆண்டுக் கணக்கு உள்ளிட்ட ஆவணங்களைக் காண ஒரு நிறுவனத்துக்கு 100 ரூபாய் செலுத்த வேண்டும்; அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும். ஒரு நிறுவனத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது சிறு தொகை. ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிய நாற்பது நிறுவனங்களைத் தொடர்ந்து செல்லும் செய்தியாளருக்கோ, ஏமாற்றப்பட்ட முதலீட்டாளர்களுக்கோ அது வளர்ந்துகொண்டே போகும் செலவு.

இதைவிட முக்கியமானது, பதிவு குறித்த தவறான புரிதல். நிறுவனப் பதிவாளர் வழங்கும் சான்றிதழ், அந்த நிறுவனம் பிறந்துள்ளது என்பதற்கு மட்டுமே ஆதாரம். பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெறவோ, நிதி நிறுவனமாகச் செயல்படவோ அது அனுமதி ஆகாது. வங்கி சாரா நிதி நிறுவனத்துக்கு இந்திய ரிசர்வ் வங்கியின் தனிப் பதிவு தேவை. அவ்வாறு பதிவு பெற்றவற்றிலும் எல்லாமே வைப்புத்தொகை பெற முடியாது. மோசடி விளம்பரங்கள் இந்த இரண்டு பதிவுகளையும் வேண்டுமென்றே குழப்புகின்றன.

எல்லை கடந்த அடையாளம்

2008-இல் லேமன் பிரதர்ஸ் சரிந்தபோது, அதன் எண்ணற்ற துணை நிறுவனங்களில் யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டுள்ளனர் என்பதைக் கண்டறிய முடியாமல் உலகின் நிதி அதிகாரிகள் திணறினர். அந்த அனுபவத்திலிருந்து ஜி-20 நாடுகளின் ஆதரவுடன் பிறந்ததே எல்.இ.ஐ. எனப்படும் 20 இலக்கச் சட்டபூர்வ அமைப்பு அடையாளக் குறியீடு. உலகம் முழுவதற்கும் பொதுவான இதன் தரவுத்தளத்தை எவரும் கட்டணமின்றித் தேடலாம். ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் வழியே 50 கோடி ரூபாயும் அதற்கு மேலும் பரிமாறும் நிறுவனங்கள் இதனைக் குறிப்பிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 ஏப்ரல் முதல் விதித்துள்ளது. ஆனால் இந்தக் குறியீடும் அந்தந்த நாட்டுப் பதிவேட்டில் உள்ளதை ஆதாரமாகக் கொண்டே வழங்கப்படுகிறது. மூலத்தில் பொய் இருந்தால், குறியீடும் அதைச் சுமந்தே செல்லும்.

பார்ப்பவர் எதைப் பார்க்க வேண்டும்?

ஒரு நிறுவனத்தோடு பணத்தொடர்பு வைக்கும் முன் அதன் பெயரைத் தேடுவதைக் காட்டிலும் பதிவு எண்ணைக் கேட்டுப் பெற்றுத் தேடுவது நல்லது. ஒரே மாதிரியான பெயர்கள் பல இருக்கலாம்; எண் ஒன்றுதான். அடுத்துக் கவனிக்க வேண்டியவை பதிவான தேதி, இயங்கும் நிலை, கடைசியாகக் கணக்குத் தாக்கல் செய்த ஆண்டு, சொத்துகள் மீதான கடன் பிணை, இயக்குநர்கள் அடிக்கடி மாறியுள்ளனரா என்பது. ஒரே முகவரியில் எத்தனை நிறுவனங்கள் உள்ளன என்பதும் சில நேரங்களில் உண்மையைச் சொல்லிவிடும். வெளிநாட்டு நிறுவனம் என்றால், அந்த நாட்டின் பதிவாளர் விவரங்களைச் சரிபார்த்தாரா, அளித்ததை அப்படியே பதிந்தாரா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 2025-க்கு முன் பதிவான ஒரு பெயரும், ஜெர்மன் நோட்டரியைக் கடந்து வந்த ஒரு பெயரும் சம எடை கொண்டவை அல்ல.

பதிவேட்டைத் திறந்து வைப்பது மட்டும் போதாது என்பதை பிரிட்டனின் அனுபவம் காட்டுகிறது. சரிபார்த்தாலும் எல்லா மோசடியும் தடுக்கப்படாது என்பதை வயர்கார்டு காட்டுகிறது. அரசியல் உறுதி தளர்ந்தால் சட்டம் வெறும் ஏடாகிவிடும் என்பதை அமெரிக்கா காட்டுகிறது. இவை மூன்றையும் கண்டபின் முடிவெடுக்கும் வாய்ப்பு இந்தியாவுக்கு உள்ளது. சரிபார்ப்புக்கான கருவிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே கைவசம் உள்ளன. ஆண்டுக் கணக்குகளைக் கட்டணமின்றித் திறப்பதும், 10 சதவீத உரிமையாளர் விவரத்தை நியாயமான தேவையுடன் கேட்பவருக்குக் காட்டுவதும் புதிய தொழில்நுட்பம் எதையும் கோருபவை அல்ல. வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்ற பாதுகாப்பைப் பொதுமக்களின் பெயரால் அரசு வழங்குகிறது. அதற்கு ஈடாகக் கிடைக்கும் தகவலை அந்தப் பொதுமக்கள் பார்க்க எவ்வளவு செலவாக வேண்டும் என்பதை அமைச்சகம்தான் தீர்மானிக்க வேண்டும்.